மூன்றாவது விமானம்

பட்டி அண்ணன் வேலை செய்தால், வேலை செய்த இடம் தெரியாது. அவருடைய தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கதவு நசுங்கிப்போன கார் ஒன்று பட்டறைக்கு வரும். டிங்கர் அதைத் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். அதற்குப் பிறகு நம் ஆள் களத்தில் இறங்குவார். மேடுபள்ளத்தின் மேல் பட்டி பூசுவார். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி பூசுவார். பிறகு பிரைமர், பிறகு நிறம், பிறகு பளபளப்பு. வண்டியை எடுக்க வரும் சொந்தக்காரர் சுற்றிச் சுற்றி வந்து, "அடிபட்டது எந்தக் கதவுங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அன்றைக்கு அண்ணனுக்குப் பசியே எடுக்காது.

முப்பத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கையில் கொடுத்தது பட்டித் தகடுதான். பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவை. ஆனால் எதையும் காட்டி, "இது நான் பண்ணது" என்று சொல்ல முடியாது. சொன்னால், "எதுங்க? ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். தெரியாமல் இருப்பதற்குத்தானே அவ்வளவு பாடு!

அவர் மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். வாயும் கையும் ஒரே வேகம். ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "உங்க வீட்டுக்காரர் பெரிய வேலைக்காரராமே" என்று கேட்டபோது, "ஆமா, ஊருல பாதி காருக்கு மேக்கப் போட்டவர் இவர்தான். ஆனா சாட்சி சொல்ல ஒரு கார் வராது" என்று அடித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பட்டி அண்ணனும்தான் சிரித்தார். ஆனால் அது முள்ளாகத் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து நாலு அறையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் கையால் செய்த பொருள் என்று ஒரு ஆணிகூட இல்லை. தன் கையால் முழுசாக ஒன்றைச் செய்து முடித்து, அது வீட்டில் கண்ணுக்கெதிரே நிற்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் பிடித்தது. ஐம்பத்து மூன்று வயதில் வந்த ஆசைக்கு அவசரம் அதிகம்.

என்ன செய்வது என்று அவர் யோசிக்கவே இல்லை. அதுவாக எதிரே வந்து நின்றது. மாஸ்கிங் டேப் வாங்கப் போன கடையில், நோட்டுப் புத்தகங்களுக்கு மேலே உள்ள தட்டில் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நிஜ விமானத்தை அப்படியே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, பாகம் பாகமாகப் பிரித்து, ஒரு சட்டத்தோடு ஒட்டினாற்போல் பெட்டியில் வைத்திருப்பார்கள். நறுக்கி எடுத்து, ஒட்டி, வண்ணம் அடிக்க வேண்டியது நம் பொறுப்பு. சின்ன வயதில் கப்பலில் வேலை பார்த்த மாமா ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பெட்டி கொண்டுவருவார். அந்த நாளில் மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலம் விமானம் தயார். சக்கரம் கோணலாக இருக்கும், சட்டையெல்லாம் பசையாக இருக்கும், அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? பட்டறைக்குப் போன பிறகு எல்லாம் நின்றுபோயிற்று.

"அந்த வயசுலேயே அரை நாள்ல முடிச்சேன். இப்ப கை தேர்ந்த பெயிண்டர். ரெண்டு மணி நேரம் போதும்" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டுதான் முதல் பெட்டியைப் பிரித்தார்.

மகளுக்கு வேறு ஊரில் நில அளவைத் துறையில் வேலை. அவள் அறை இரண்டு வருடமாகக் காலியாகத்தான் கிடந்தது. ஜன்னலோரம் இருந்த அவளுடைய படிப்பு மேசையில் அண்ணன் கடை விரித்தார். ஒட்டும் வேலை நன்றாகவே வந்தது. அடுத்தது நிறம். அங்கேதான் மார்தட்டியதற்கு விலை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த கார் பெயிண்டில், பட்டறைத் தின்னரையே கலந்து, ஆனந்தமாக அடித்தார். முதல் அரை நிமிடம் அருமையாக இருந்தது. அதற்குப் பிறகு இறக்கை மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அவர் ஊதினார். ஊதினால் நிற்குமா? தகரத்துக்கென்று செய்த தின்னர், பிளாஸ்டிக்கைக் கண்டதும் தின்றுவிட்டது. வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல விமானம் தலை கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

விஷயத்தைப் பட்டறையில் மூச்சுவிடவில்லை. ஆனால் டிங்கர் சும்மா விடுகிற ஆளா? வீட்டுக்கு ஏதோ வேலையாக வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டார்.

"யோவ் பட்டி, என்னய்யா இது? வவ்வாலா?"

"விமானம்."

"விழுந்த பிறகா, விழுறதுக்கு முன்னாடியா?"

அடுத்த நாள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. தின்னர் டப்பாவைக் கண்டாலே யாராவது ஒருவர் இருமத் தொடங்கினார். முப்பத்தாறு வருட பெயிண்டருக்குத் தின்னர் பாடம் எடுக்க வேண்டிய நிலைமை என்றால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்த பெயிண்டரை யாராலும் தடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது பெட்டியை வாங்கி வந்தார். இந்த முறை தண்ணீரில் கரையும் பெயிண்ட். எந்த அவசரமும் இல்லை. பட்டறையில் ஒரு ராஜா வண்டிக்கு எப்படி உழைப்பாரோ அப்படி உழைத்தார். உடலின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது. பட்டி பூசித் தேய்த்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விரலால் தடவிப் பார்த்தபோது இறக்கையில், வாலில், வயிற்றில், எங்கே தொட்டாலும் மெல்லிய கீறல்கள் தட்டுப்பட்டன. நேர்நேராக, கட்டம் கட்டமாக, பக்கத்தில் பொட்டுப் பொட்டாகச் சின்னப் புள்ளிகள் வேறு. 'என்ன கம்பெனி இது, அச்சை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை' என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு கீறலிலும் பட்டியை அடைத்தார். தேய்த்தார். கண்ணை மூடித் தடவினார். மறுபடி அடைத்தார். இப்படியே நாலு மாதம் போயிற்று.

அந்த நாலு மாதத்தின் கடைசியில்தான் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. "அம்மா, எனக்கு நம்ம ஊருக்கே மாத்தல் கிடைச்சிடுச்சு. அடுத்த மாசம் கடைசி ஞாயிறு வந்துடுவேன்." வீட்டில் ஒரே சந்தோஷம். அண்ணனும் சந்தோஷப்பட்டார். போனை வைத்த கையோடு மனைவி மகள் அறை வாசலில் போய் நின்றார். மேசை நிறைய டப்பா, தூரிகை, தாள், தூசி.

"ஏழு வாரம் இருக்குங்க. அதுக்குள்ள ஒரே ஒரு விமானத்தை முழுசா முடிச்சு ஹால்ல வைங்க. வச்சுட்டா, பின்கட்டுல ஒரு மேசை போட்டுக்குங்க, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா அத்தனையும் மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திடுவேன். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஏழு வாரம் எதுக்கு? ஏழு நாள் போதும். மினுக்கிவிட்டா முடிஞ்சுது" என்றார் அண்ணன்.

மினுக்கினார். காருக்குப் போடுகிற அதே பளபளப்பு. முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். இனி விமானி இடத்துக்குக் கண்ணாடி மூடியை வைத்து, இறக்கையில் அடையாள ஸ்டிக்கர்களை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஸ்டிக்கர் ஒட்டும் கரைசல் வேண்டுமென்று பெட்டி வாங்கிய அதே கடைக்குப் போனார். பெருமை தாங்காமல் விமானத்தையும் ஒரு சட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் அவரும் ஒரு பீரங்கி வண்டியைக் கட்டிக்கொண்டிருப்பவர் என்பது அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் விமானத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கையை விரலால் தடவினார்.

"எப்படிண்ணே இவ்வளவு வழவழன்னு பண்ணீங்க?"

"தொழில்மா" என்றார் அண்ணன், அடக்கமாக.

"அது சரி. கோடெல்லாம் எங்கே?"

"எந்தக் கோடு?"

அவர் தட்டிலிருந்து அதே விமானத்தின் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து இறக்கையை எடுத்துக் காட்டினார். "இதுங்க. நிஜ விமானத்துல தகடும் தகடும் சேர்ற இடம். இந்தப் புள்ளியெல்லாம் ஆணி அடிச்ச இடம். இதுக்குத்தானே நாங்க உசிரைக் குடுத்து இந்தக் கம்பெனி பெட்டியைத் தேடி வாங்குறோம்! நீங்க என்னடான்னா அத்தனையையும் அடைச்சு வச்சிருக்கீங்க. சோப்புக்கட்டிக்கு இறக்கை முளைச்ச மாதிரி இருக்குண்ணே." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நாலு மாதம்! கம்பெனிக்காரன் ஊசிமுனையால் செதுக்கி வைத்ததையெல்லாம் குற்றம் என்று நினைத்து, நாலு மாதம் கண்ணும் கருத்துமாக அழித்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. தச்சரோ தையல்காரரோ அந்தக் கோடுகளைப் பார்த்திருந்தால், ஏதோ காரணமாகத்தான் இருக்கும் என்று விட்டிருப்பார்கள். தகரத்தில் கோடு தெரிந்தால் கை அரிக்கும் ஜாதி, உலகத்திலேயே பட்டி பார்க்கிறவர்கள் மட்டும்தான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வாய்விட்டு. அவர் சிரித்ததும் கடைக்காரம்மாவும் அடக்கியதை விட்டுவிட்டார்.

"இதைத் திரும்பக் கீறி எடுக்க முடியுமா?"

"முடியும். வருஷக் கணக்காகும். அதுக்குப் புதுசா ஒண்ணு கட்டுறது மேல்."

அவர் பிரித்த அந்தப் பெட்டியையே வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினால் ஆறு மிச்சம்.

மூன்றாவது விமானத்தில்தான் மனிதர் உண்மையில் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். ஒட்டுவதற்கு முன்னால் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்தார். நிறத்தைக் கனமாக ஒரே பூச்சில் முடிக்காமல் தண்ணீராகக் கரைத்து நாலு பூச்சாகக் கொடுத்தார். பளபளப்பைத் தொடவே இல்லை. இத்தனை சின்ன விமானம் என்றால் தூரத்தில் நின்று பார்ப்பதாக அர்த்தம், தூரத்தில் இருப்பது மினுங்காது என்று கடைக்காரம்மா சொன்னது மண்டையில் ஏறியிருந்தது. எல்லாவற்றையும்விடக் கடினம் பட்டித் தகட்டைக் கீழே வைப்பது. இறக்கை உடலோடு சேருமிடத்தில் ஒரு இடைவெளி. அது குற்றம், அதை அடைத்தார். அதற்கு ஒரு விரல் தள்ளி ஒரு கோடு. அது குற்றமல்ல, அதை விட்டார். விட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். மூன்று தரம் தகட்டை எடுத்து மூன்று தரம் கீழே வைத்தார். கடைசியில் தகட்டை மனைவியிடம் கொடுத்து, "இதை எங்கேயாவது ஒளிச்சு வை" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு சக்கரம் இடுக்கியிலிருந்து துள்ளி எங்கோ ஓடிவிட்டது. மிளகளவு சக்கரம். அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்தார். கட்டிலுக்கடியில் தலையை விட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மனைவி வந்து பார்த்தார், போனார், தூசி உறிஞ்சும் மெஷினோடு திரும்பி வந்தார்.

"ஐயோ, அது முழுங்கிடும்!" என்று அலறினார் அண்ணன்.

"கத்தாதீங்க." மெஷின் வாயில் தன் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்து மாட்டி ரப்பர் வளையம் போட்டார் அந்த அம்மாள். தரையில் இரண்டு இழுப்பு இழுத்தார். காலுறையில் தலைமுடி, பொத்தான், ஒரு பழைய மாத்திரை, அதோடு சக்கரம். "மருந்துக்கடையில மாத்திரை உருண்டா நாங்க இப்படித்தான் எடுப்போம். உங்களை மாதிரி படுத்துப் புரண்டா கடையை யார் பார்க்கிறது?"

அன்றையிலிருந்து அவர் தூர நின்று கிண்டல் செய்வதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்தார். நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் அண்ணனின் தடித்த விரலுக்கு அடங்கவில்லை. ஒன்று சுருண்டு போயிற்று. "தள்ளுங்க" என்று இடுக்கியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் அந்த அம்மாள்தான் வைத்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, "காஞ்சுதா?" என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது. பட்டி அண்ணனுக்கு அந்தச் சாயங்காலங்கள் ரொம்பப் பிடித்திருந்தன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; நான்தான் சொல்கிறேன்.

கடைசி ஞாயிறு வந்தது. பதினோரு மணிக்கு மகளின் ரயில். ஒன்பதரைக்கு விமானத்தில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வரும் கண்ணாடி மூடி. அதை வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். அண்ணனுக்குத் தெரியும். ஆனால் வெள்ளைப் பசைக் குப்பி மூடாமல் கிடந்து கல்லாகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. பட்டறைப் பெட்டியில் உடனே ஒட்டும் பசை ஒரு குழாய் இருந்தது. ஒரே ஒரு பொட்டுத்தானே என்று தொட்டு வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்தியாகக் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால், அந்தப் பசையின் ஆவி உள்ளே தேங்கி, தெளிந்த கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படிந்திருந்தது. துடைக்கலாம் என்றால் கறை உட்புறத்தில்.

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கை தானாகக் கத்தியை எடுத்தது.

"என்ன பண்றீங்க?" மனைவி.

"பேர்த்து எடுத்துடறேன். உள்ளே பாலிஷ் போட்டு, மறுபடி நிறம் தொட்டு..."

"எத்தனை நாள்?"

"நாலு. அஞ்சு."

"அவ வர்றது இன்னைக்கு."

"தெரியுதும்மா. ஆனா பாரு, முதல்ல கண்ணு போறதே அங்கதான். இதை எப்படி முடிஞ்சதுன்னு சொல்றது? பட்டறையில இப்படி ஒரு வண்டியை நான் வெளிய விட்டிருப்பேனா?"

அந்த அம்மாள் தான் போட்ட கெடுவை நினைவுபடுத்தவில்லை. விமானத்தையும் கத்தியையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்க முடிவு பண்ணிக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் அண்ணனும் விமானமும் மட்டும். கத்திமுனையை மூடியின் விளிம்பில் வைத்தார். நெம்பினால் வந்துவிடும், வரும்போது பக்கத்து நிறத்தையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு வரும். அதற்கு ஒரு பட்டி, அதைத் தேய்த்தால் பக்கத்துக் கோடு போகும், கோட்டைக் கீற வேண்டும். பரண்தான் கதி. இந்தச் சங்கிலியை அவர் நன்றாக அறிவார். ஒரு கீறலைச் சரிசெய்யப் போய் முழு வண்டியையும் அடிக்க வேண்டி வந்த நாட்கள் எத்தனை! ஆனால் அந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரர் வேறு. அவர்கள் கேட்டது புதுசு போன்ற வண்டி. இதைக் கேட்டவர் யார்? தான்தான். தான் கேட்டது என்ன? குற்றமில்லாத ஒன்றையா, முடிந்த ஒன்றையா? மனிதர் கத்தியை மூடி டப்பாவில் போட்டார். மேசையைக் காலிசெய்தார். மகளின் படுக்கையில் புது விரிப்பு போட்டார். விமானத்தை ஹாலில், டிவிக்குப் பக்கத்துத் தட்டில், புகை படிந்த பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்தார். அந்த அளவு தந்திரம் இல்லாவிட்டால் அவர் என்ன பெயிண்டர்?

பதினொன்றரைக்கு வாசலில் ஆட்டோ சத்தம். மகள் ஒரு தோளில் பையும் கையில் குடையுமாக உள்ளே வந்தாள். பெட்டிகளை இறக்க அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்பா, இளைச்சுட்டீங்க" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, தட்டின் பக்கம் போனாள். அளவைக்காரிக்கு ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பார்க்காமல் இருக்க முடியுமா? அண்ணன் "அதைத் தொடாதே, இன்னும் காயல..." என்பதற்குள் கையில் எடுத்துத் திருப்பிவிட்டாள்.

கண்ணாடி நேராக அவள் முகத்துக்கு எதிரே. அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஐயோ அப்பா, எப்படிப்பா இது? உள்ளே யாரோ உட்கார்ந்து மூச்சு விட்டு, கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரியே பண்ணியிருக்கீங்க!"

அண்ணன் வாயைத் திறந்தார். அது பசையில் வந்த கோளாறு, வெள்ளைப் பசை காய்ந்துபோயிற்று, நாலு நாள் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன் என்று எல்லாமும் நாக்கு நுனி வரை வந்து நின்றன. முப்பத்தாறு வருடத்தில் தன் வேலையில் ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்டு அவர் சும்மா இருந்ததில்லை. இன்றைக்கு எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

"யாருப்பா உள்ளே இருக்கிறது?" மகள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நான்தான்" என்றார் பட்டி அண்ணன்.

"அப்ப சீக்கிரம் இறங்கி வாங்க," வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நாலு பெட்டி தூக்கணும்."